அருவாளுக்கு உரிமம் இல்லை: ஆயுதச் சட்டங்களும் நம் உயிர்களும்

மேலவளவுப் போராளிகளின் நினைவாக நிகழும் இந்தச் சொற்பொழிவுக்கு ஆயுதச் சட்டத்தை எடுத்துக்கொண்டோம் என்றதும் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். துப்பாக்கி வழக்கெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு, நமக்கு எதற்கு என்றார் மூத்த தோழர் ஒருவர். அதே வாரத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் நேர் எதிரான கேள்வியோடு வந்தார்கள். வன்கொடுமை தடுப்பு விதிகளில் நமக்குத் துப்பாக்கி உரிமம் தர இடமிருக்கிறதே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை என்றார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இங்கே பதில் தேடுகிறோம். துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் கொலை குறையுமா என்று உலகம் வாதாடிக்கொண்டிருக்கிறது. மதுரைச் சீமையில் நின்று கேட்டால் அந்தக் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது.

முதலில் மேலவளவு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, தேர்தல் தடைபட்டது, தடைபட்டுத் தடைபட்டு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். வென்றவரால் ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பாதுகாப்புக் கேட்டார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும்போது வழிமறித்து அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். நாற்பது பேர் மீது வழக்கு. 2001இல் சேலம் அமர்வு நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் மூன்று பேர் 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டியும், பதின்மூன்று பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டியும் வெளியே விடப்பட்டார்கள். தலைவர்களின் பிறந்தநாளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

அந்தப் பேருந்தில் துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆறு உயிரையும் எடுத்தது அருவாள். இந்தியாவின் ஆயுதச் சட்டம் அருவாளை ஆயுதமாகவே எண்ணுவதில்லை என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு ஆயுதம் எது என்று வரையறுக்கிறது. துப்பாக்கியும் கூர்மையான கொலைக்கருவிகளும் ஆயுதம். ஆனால் வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள்களும் லத்தியும் கைத்தடியும் ஆயுதமல்ல. விதிகளைப் பார்த்தால் ஒன்பது அங்குலத்தைவிட நீளமான அல்லது இரண்டு அங்குலத்தைவிட அகலமான அலகுள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வருகிறது. அங்கும் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் விலக்கு. கருக்கருவாள் கதிர் அறுக்க, வெட்டருவாள் விறகு தறிக்க, பாளையருவாள் பனையேற. வீச்சருவாள் எந்தக் கதிரை அறுக்கிறது என்று சட்டம் கேட்பதில்லை. கேட்டாலும் கருவேலங்காடு வெட்ட வைத்திருக்கிறேன் என்று பதில் சொல்லிவிடலாம்.

சட்டம் எழுதியவர்களைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அருவாள் இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பமும் பிழைக்க முடியாது. நம் குடும்பங்கள் முதலில் பிழைக்க முடியாது. உரிமம் வாங்கித்தான் அருவாள் வைக்கவேண்டும் என்று நாளைக்கு ஒரு சட்டம் வந்தால் அந்த உரிமத்துக்காகக் காவல்நிலைய வாசலில் முதலில் காத்துக்கிடக்கப்போவது கூலிக்காரர்களே.

ஆயுதத்தைப் பறிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்பாளையங்களில் துப்பாக்கியும் ஈட்டியும் யாரும் வைத்திருக்கக்கூடாது, கோட்டைகள் இடிக்கப்படவேண்டும் என்றது அது. இந்திய அளவில் 1857 எழுச்சிக்குப் பின் 1860இல் ஒரு சட்டம், 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் இன்னும் இறுக்கமான இன்னொரு சட்டம். வெள்ளையருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம். இதைக் காங்கிரஸ் அவமானமாக எடுத்துக்கொண்டது. 1918இல் படைக்கு ஆள் சேர்க்கக் கிளம்பிய காந்தியே ஆங்கிலேயர் செய்த கொடுமைகளில் ஆயுதச் சட்டத்தைத்தான் ஆகக் கறுப்பானதாகச் சொன்னார். அகிம்சையின் தலைவர் வாயிலிருந்து வந்ததாலோ என்னவோ, பள்ளிப் பாடநூல்கள் அதைச் சொல்லித் தருவதில்லை. 1931 கராச்சித் தீர்மானம் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தது.

கும்பினிக்காரன் கோட்டையை இடித்தான். ஊருக்கும் சேரிக்கும் இடையில் இருந்த கோட்டை அப்படியே நின்றது. பாளையம் ஜமீன் ஆனது, ஜமீனிடம் வெள்ளைக்காரன் தந்த உரிமத் துப்பாக்கி வந்தது. சேரியின் கையில் முன்பும் எதுவும் இல்லை, பின்பும் எதுவும் இல்லை. பண்ணையாரின் சுவரில் தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி வேட்டைக்கென்று வாங்கியது. ஆனால் அதைத் துடைத்து வைக்கும் பண்ணையாள் அது எதற்கென்று அறிவான்.

ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆயுதமும் சந்தேகமும் சாதி பார்த்துப் பங்கிடப்பட்டபோது இன்று ஆதிக்கம் செய்யும் சாதிகளும் அடிபட்டிருக்கின்றன. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். அரசின் துப்பாக்கிக்கு முன்னால் தடியோடு நின்ற அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து ஆண்டுகள் ஊராட்சித் தேர்தலை நடக்கவிடாமல் செய்தது வரலாற்றின் கசப்பு. பெருங்காமநல்லூரை நினைவுகூர நமக்குத் தயக்கமில்லை. அவர்களும் மேலவளவை நினைவுகூரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

அம்பேத்கரிடம் வருவோம். மாணவர்கள் மேற்கோளுக்குப் போவது சாதியை அழித்தொழித்தல் நூலுக்குத்தான். 1936இல் ஆயத்தமான அந்த உரையில் அவர் கேட்டார்: உலகம் முழுக்க ஒடுக்கப்பட்டவர்கள் புரட்சி செய்தபோது இந்தியாவில் மட்டும் ஏன் நடக்கவில்லை? நால்வருணம் கீழ்ச்சாதியாரின் கல்வியையும் ஆயுதத்தையும் பறித்தது, ஆயுதம் இல்லாதவர்களால் கிளர்ச்சி செய்ய முடியவில்லை என்பது அவர் கண்ட விடை. இது வெறும் தத்துவமல்ல. மகர் படைவீரர்களின் மகன் அவர். கும்பினிப் படையில் இருந்த மகர்களை 1890களில் ஆங்கிலேயர் படைக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். வீரஇனம் என்ற பெயரில் ஆங்கிலேயனும் ஒரு மனுநீதி எழுதிவைத்திருந்தான். சென்னைப் படையில் நெடுங்காலம் பணியாற்றிய பறையர்களுக்கும் கதவு குறுகியது. சீருடையும் துப்பாக்கியும் போனதோடு ஓய்வூதியமும் பள்ளிக்கூடமும் நிமிர்ந்த நடையும் போயின.

அதே அம்பேத்கர் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வேறொரு இடத்தில் நின்றார். எச்.வி.காமத் கராச்சித் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி, ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார். அந்நிய ஆட்சியில் கேட்டது வேறு, இன்று நிலைமை வேறு, எவர் வேண்டுமானாலும் சந்தைக்குப் போய்த் தாக்கும் கருவிகளை வாங்கலாம் என்றால் எந்த அரசும் ஆட்சி நடத்த முடியாது என்றார். திருத்தம் தோற்றது.

இரண்டையும் முரண் என்று சொல்லி நகர்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. சந்தையில் ஆயுதம் விற்றால் யார் வாங்குவார்கள்? நிலமும் பணமும் உள்ளவர்கள். ஆயுத உரிமை எல்லோருக்கும் என்று எழுதிவைத்தால் அது இந்தியக் கிராமத்தில் பண்ணையாரின் உரிமையாகத்தான் முடியும் என்பது அவருக்குத் தெரியாதா? 1936இல் அவர் பேசியது ஆயுதம் ஒருவருக்கு மட்டும் மறுக்கப்பட்டது பற்றி. 1948இல் எதிர்த்தது ஆயுதம் எல்லோருக்கும் திறந்துவிடப்படுவதை. இரண்டிலும் அவர் பார்த்தது ஒரே இடத்தை, அதிகாரம் எங்கே குவிகிறது என்பதை.

அமெரிக்க வாதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற சட்ட ஆய்வாளர் 1968இல் சிகாகோ நகரத்துத் தாக்குதல்களை ஆராய்ந்து, துப்பாக்கியால் தாக்கினால் கத்தியால் தாக்குவதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு உயிர்ச்சேதம் என்று காட்டினார். கோபம் ஒன்றே, கருவி வேறு, சாவின் எண்ணிக்கை வேறு. எதிரணியில் ஜான் லாட் 1998இல் துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்று புத்தகம் எழுதினார். 2004இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு, லாட் சொன்னதை நிரூபிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றது. ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் முப்பத்தைந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் அரசு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கி அழித்தது. அங்கே துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன. முன்பே குறையத் தொடங்கியிருந்தது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

இந்த வாதத்தில் கறுப்பின மக்கள் நின்ற இடம்தான் நமக்கு நெருக்கம். 1956இல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்டபின் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1967இல் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கி ஏந்திக் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குப் போனார்கள். அந்த ஆண்டே வெளியில் துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். வெள்ளையர் கையில் இருந்தவரை உரிமையாக இருந்தது, கறுப்பர் கைக்கு வந்ததும் கட்டுப்படுத்த வேண்டிய பொருளானது. அந்தச் சிறுத்தையின் பெயர் 1972இல் பம்பாய்க்கு வந்தது. 1982இல் வழக்கறிஞர் மலைச்சாமி வழியாக நம் மதுரைக்கும் வந்தது. அவர் மறைவுக்குப்பின் தலைமையேற்ற திருமாவளவன் அப்போது மதுரையில் தடய அறிவியல் துறை ஊழியர். வெட்டுக்காயத்தையும் குண்டுக்காயத்தையும் தடயமாகப் பார்க்கும் துறை அது. மதுரைச் சேரிகளின் சுவர்களில் சிறுத்தை வந்து உட்கார்ந்தது. பெயர்தான் வந்தது, துப்பாக்கி வரவில்லை. வராதது நல்லதே என்பது எங்கள் எண்ணம். ஏன் என்று சொல்கிறோம்.

மேலவளவு நடந்த அதே 1997இல், டிசம்பர் 1 இரவு, பீகாரில் லட்சுமண்பூர் பாதேயில் ரண்வீர் சேனா புகுந்து ஐம்பத்தெட்டுத் தலித்துகளைச் சுட்டுக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். முந்தைய ஆண்டு பதானி டோலாவில் இருபத்தொரு பேர். சாதிவெறியில் மதுரை பீகாருக்குக் குறைந்ததென்று நம்மில் யாராவது சொல்வோமா? வெறி ஒன்றாக இருந்தும் இங்கே ஆறு, அங்கே ஐம்பத்தெட்டு. சாவின் எண்ணிக்கையை உயர்த்தியதில் துப்பாக்கிக்குப் பங்குண்டு. ஆதிக்க சாதியின் தனிப்படைகள் துப்பாக்கியோடு திரியும் நிலை தமிழகத்தில் வராததற்குப் பல காரணங்கள் உண்டு. உரிமம் இறுக்கமாக இருந்ததும் அவற்றில் ஒன்று. ஆக, ஆயுதச் சட்டம் வெறும் காகிதமல்ல. அது சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அவற்றில் நம் உயிர்களும் உண்டு.

அந்த இறுக்கத்தில் ஓட்டை இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குக் கீழவெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு நிலக்கிழார்களின் ஆட்கள் சூழ்ந்து சுட்டார்கள். கூலி விவசாயிகளிடம் எறியக் கல் மட்டும் இருந்தது. தப்பியோட வழியில்லாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு சிறு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். நாற்பத்து நான்கு பேர். கொன்றது நெருப்பு என்று கணக்கெழுதலாம். அவர்களைக் குடிசைக்குள் அடைத்ததில் துப்பாக்கியும் இருந்தது.

ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இன்னொரு விலக்கையும் தருகிறது. அரசு ஊழியர் கடமையின்போது வைத்திருக்கும் ஆயுதத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது இல்லாமல் அரசு நடக்காது, சரி. ஆனால் தென்மாவட்டத்துத் தலித் மக்களின் நினைவில் துப்பாக்கி என்றால் முதலில் வருவது காக்கிச் சட்டைதான். 2011 செப்டம்பர் 11 பரமக்குடியில், இம்மானுவேல் சேகரன் நினைவுநாளுக்குக் கூடிய மக்கள் மீது சுட்டார்கள். குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. இம்மானுவேல் சேகரன் இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர். நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தவரை 1957இல் சொந்த மண்ணில் வெட்டிச் சாய்த்தார்கள், அவர் நினைவுக்கு மாலை போட வந்தவர்களை அரசு சுட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று பேசுகிறவர்கள் இந்தத் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது பற்றியும் பேசவேண்டும். உலக வாதத்தில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இப்போது மாணவர்களின் கேள்வி. 1989ஆம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் எழுதினார்கள். மூன்றாம் விதி முன்தடுப்பு பற்றியது. வன்கொடுமை நடக்கலாம் என்று அஞ்சத்தக்க பகுதிகளை மாநில அரசு கண்டறியவேண்டும். தேவையெனில் அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கவேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர்களின் உரிமங்களும் இதில் அடக்கம். (பண்ணையாரின் துப்பாக்கி மச்சான் பெயரிலும் கணக்கப்பிள்ளை பெயரிலும் இருக்கும் என்று தெரிந்தவர் யாரோ இதை எழுதியிருக்கிறார்.) கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றவேண்டும், அவற்றின் தயாரிப்பைத் தடுக்கவேண்டும். அடுத்த உட்பிரிவு: தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக ஆயுத உரிமம் வழங்கலாம்.

அடிப்பவன் கையிலிருந்து எடு, அடிபடுபவன் கையில் கொடு என்கிறது இந்திய அரசின் விதி. அமெரிக்காவின் இரண்டு கட்சிகளுக்கும் எட்டாத நிலைப்பாடு இது. ஆயுதம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதோடு இது நிற்கவில்லை. யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறது.

அப்படியானால் உரிமம் கேட்போமா? நடைமுறையைப் பாருங்கள். கிராமப்புறத்தில் உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர், ஆனால் அவருக்கு அறிக்கை தருவது உள்ளூர்க் காவல்நிலையம். எந்த நிலையத்தில் நம் புகாருக்கு ரசீது வாங்கவே நாள் கணக்கில் நிற்கிறோமோ அதே நிலையம். நம் இளைஞன் மீது ஏற்கனவே ஒரு பிணைப்பத்திர வழக்காவது இருக்கும். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் பெறுவதை எளிதாக்குகிறது. அதற்குப் பயிர் வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும். எல்லாம் தாண்டி ஒரு சேரிக்கு இரண்டு துப்பாக்கி வந்ததென்றே வைத்துக்கொள்வோம். அதைச் சாக்காக வைத்து எதிர்த்தெரு இருபது கேட்கும், வாங்கவும் வாங்கும். பாதே இங்கே வந்துவிடும். அதுபோக, பூட்டிய அலமாரியில் வீட்டில் இருக்கும் துப்பாக்கி பேருந்தில் வழிமறிக்கப்பட்டவரைக் காப்பாற்றாது. முருகேசன் கேட்டது துப்பாக்கியல்ல, பாதுகாப்பு. அதைத் தரவேண்டிய கடமையிலிருந்து அரசு நழுவ, உங்களுக்குத்தான் உரிமம் கொடுத்துவிட்டோமே என்ற ஒரு வரி போதும்.

எனவே எங்கள் பிடி முந்தைய இரண்டு உட்பிரிவுகளில்தான். அவற்றை நிறைவேற்ற முடியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி, சில வாரங்களில் வாங்கிவைத்துவிடுகிறார்கள். வாக்குப்பெட்டிக்குச் செய்ய முடிவதைச் சேரிக்கும் செய்யலாம்.

அருவாள் விஷயத்துக்கு இந்த விதியிலும் மருந்தில்லை. 2021 செப்டம்பரில் தொடர் கொலைகளுக்குப் பின் தமிழகக் காவல்துறை மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தி ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன. துப்பாக்கிகள் அதில் ஒரு கைப்பிடிக்கும் குறைவு, மற்றதெல்லாம் கத்தியும் அருவாளும். அருவாள் வாங்குவோரின் பெயரையும் காரணத்தையும் எழுதிவைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னார்கள். திருப்பாச்சேத்திக் கொல்லர் நோட்டுப் போட்டு எழுதினார் என்றே கொள்வோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவனை வீடு தேடிப்போய் வெட்டிய பள்ளிப் பிள்ளைகளை அந்த நோட்டு தடுத்திருக்குமா? அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு அருவாளைத் தேடிப் போகவில்லை. கையில் கட்டும் சாதிக் கயிற்றையும் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியையும் பற்றிப் பேசியது. சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்று நினைக்கிறோம்.

சோதனை என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடுதான் கேட்கவேண்டியிருக்கிறது. உண்மை அறியப் போன ஓர் ஊரில், மோதலுக்குப் பிறகு ஆயுதச் சோதனை என்று சொல்லி நம் தெருவில் வீடு வீடாகப் புகுந்து அருவாள்மனையையும் மண்வெட்டிக் காம்பையும் அள்ளிப் போனதைப் பெண்கள் சொன்னார்கள். மறுநாள் மீன் நறுக்கக்கூடப் பக்கத்துத் தெருவில் இரவல் கேட்க வேண்டியிருந்தது. மேலத்தெருவில் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. ஆயுதக் கட்டுப்பாடு இப்படி நடந்தால் அதைவிடக் கட்டுப்பாடே இல்லாதது மேல் என்று அந்த ஊர் இளைஞர்கள் சொன்னபோது எங்களிடம் உடனடிப் பதில் இல்லை.

பதிலின் ஒரு பகுதி பதினேழாம் விதியில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். நம் தோழர்கள் சிலர் அதில் உறுப்பினர்கள். இதுவரை அங்கே நாம் பேசியது நிவாரணத் தொகையும் குற்றப்பத்திரிகைத் தாமதமும். அடுத்த கூட்டத்துக்கு நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுக்கவிருக்கிறோம். மாவட்டத்தில் வன்கொடுமை அபாயப் பகுதிகள் என்று அறியப்பட்டவை எவை? அந்தப் பகுதிகளில் எத்தனை ஆயுத உரிமங்கள், யார் யாரிடம்? மூன்றாம் விதியின்படி அவற்றில் எத்தனை ரத்தாயின? மோதலுக்குப் பிந்தைய சோதனைகளில் எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் திறக்கப்பட்டன? இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டம் வட்டமாக அனுப்பும் வேலையை மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலூர் வட்டத்திலிருந்து தொடங்கலாம். விண்ணப்பப் படிவங்கள் அரங்கின் வாசலில் வைக்கப்பட்டிருக்கின்றன.